நடு ஆற்றிலிருந்து ஒரு விருந்தழைப்பு

எட்ஃபுவுக்கு வடக்கே, நைல் கரையில் கட்டிப்போட்ட படகிலிருந்து.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய இன்ஷிராஹ் சித்திக்கு, உங்கள் அக்கா மகள் மிர்வத் இரண்டு கைகளிலும் முத்தமிட்டு எழுதுவது. ஆண்டவன் அருளால் இங்கே அப்பாவும் அம்மாவும் நானும் நலம். கெய்ரோவில் நீங்களும், உங்கள் முழங்கால் வலியும், மொட்டைமாடிக் கோழிகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முழங்கால் வலி நலமாக இருக்க வேண்டும் என்று எழுதியது தவறு. அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும், அப்படியே விட்டுவிடுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுதியதும் மரியாதைக்குத்தான். யாரும் நலமாக இல்லை. முக்கியமாக நான் நலமாக இல்லை. போர்வைக்குள் டார்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் கையெழுத்து ஆடுகிறது, கொஞ்சம் எச்சிலும் பட்டிருக்கிறது, மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். நாளைக் காலை என்னை இங்கே முன்பின் தெரியாத ஒரு வீட்டில் விட்டுவிட்டு, அப்பாவும் அம்மாவும் அஸ்வானுக்குப் போகப்போகிறார்கள். பெருநாள் வரைக்கும் நான் இங்கேதான். பள்ளிக்கூடம் இன்னும் இரண்டு வாரத்தில் திறந்துவிடும், இந்த வருஷம் எனக்குப் பொதுத்தேர்வு. யாரும் என்னைக் கடத்தவில்லை. யாரும் கோபத்தில் செய்யவில்லை. எல்லாம் மரியாதையால் வந்தது. அதனால்தான் போலீஸிடம்கூடச் சொல்ல முடியாது.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நம் குடும்பத்தில் 'மாட்டேன்' என்ற சொல்லைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். போன பெருநாளுக்கு மூன்றாம் மாடிக்காரர்கள் குடும்பத்தோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, சங்கிலியைக்கூட எடுக்காமல் கதவிடுக்கு வழியாக, "நான் வீட்ல இருக்கேன், ஆனா விருந்தாளிக்கு இல்லை" என்று நீங்கள் சொன்னதை அம்மா இன்னும் சொல்லிச் சொல்லி வெட்கப்படுகிறாள். எனக்கு அன்றிலிருந்தே உங்கள்மேல் தனி மதிப்பு. இந்தக் கடிதம் கிடைத்தவுடன் ரயிலேறி எட்ஃபுவுக்கு வந்து, கரும்பாலைக்கு வடக்கே அபுல் வஃபா வீடு எது என்று கேளுங்கள், எருமைக்குக்கூடத் தெரியும். அவர் முன்னால் நின்று அந்த ஒரு சொல்லைச் சொல்லி என்னை அழைத்துக்கொண்டு போங்கள். சாப்பிட மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். உட்கார்ந்தால் முடிந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்தப் பயணமே எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவோடு படித்த நண்பர் ஒருவர், லக்ஸரிலிருந்து அஸ்வானுக்குத் தன் பாய்மரப் படகு காலியாகத்தான் போகிறது, குடும்பத்தோடு ஏறிக்கொள்ளுங்கள், வழியிலிருக்கும் கோயில்களையெல்லாம் பிள்ளைக்குக் காட்டுங்கள் என்று சொன்னாராம். இப்போது யோசித்தால், அவரும் சும்மா வாய்வார்த்தைக்குத்தான் சொல்லியிருப்பார். லக்ஸர் படித்துறையில் எங்களையும் எங்கள் பெட்டிகளையும் அம்மாவின் ப்ரைமஸ் அடுப்பையும் பார்த்தபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை. அப்பா அப்போது படித்துறையில் கயிறு இழுப்பவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டிருந்தார். அப்பா எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா. கர்னாக் கோயிலில் அந்தப் பெரிய கல் வண்டுச் சிலையைச் சுற்றி வந்து வேண்டிக்கொண்டால் பலிக்கும் என்று எல்லோரும் சுற்றினார்கள், நாங்களும் சுற்றினோம். அம்மா, இவர் வாய் கொஞ்சம் அடங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். நான் என் தேர்வுக்காக வேண்டிக்கொள்ள இருந்தேன். அதற்குள் அப்பா எங்களுக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்த புதுமணத் தம்பதியை நிறுத்தி, "கெய்ரோ வந்தா நம்ம வீடுதான், வேற எங்கயும் தங்கக் கூடாது" என்று பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு எத்தனையாவது சுற்று, என்ன வேண்டுதல் எல்லாம் மறந்துபோனது. அதுதான் காரணமோ என்னவோ.

எஸ்னாவிலும் அப்படித்தான். அங்கே கோயில் கீழே பள்ளத்தில் இருக்கிறது, ஊர் மேலே இருக்கிறது. அப்பா பள்ளத்தில் கூரைச் சித்திரங்களுக்குக் கீழே நின்றுகொண்டு, மேலே கடை வைத்திருந்த துணிக்காரரைப் பார்த்து, "இறங்கி வாங்க, ஒரு டீ சாப்பிடுவோம்" என்றார். துணிக்காரர் மேலிருந்து, "நீங்க ஏறி வாங்க, டீ கொதிக்குது" என்றார். இரண்டு பேரும் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்கள். அவர் இறங்கவில்லை, இவர் ஏறவில்லை. சித்தி, அதுதானே முறை. நம் ஊரில் இதற்குப் பெயரே படகுக்காரன் விருந்தழைப்பு. நடு ஆற்றில் போகிற படகுக்காரன், கரையில் நிற்பவனைப் பார்த்து 'வா, சாப்பிடு' என்பான். கரையிலிருப்பவன் 'உங்க கை நல்லாருக்கட்டும்' என்பான். நடுவில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். ஃபாரோ காலத்திலிருந்து இந்த ஆற்றில் இப்படித்தான் நடக்கிறது, யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்ததில்லை.

முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும்.

காற்று நன்றாக இருந்தது. பாய் வயிறு உப்பிக்கொண்டு போனது. அம்மா முயலும் முலூகியாக் கீரையும் சமைத்து முடித்திருந்தாள், அது இரண்டு நாளைக்கான சாப்பாடு. படகு ஓட்டும் ரயிஸ் அவதல்லா திடீரென்று பாட்டுப்பெட்டியை நிறுத்தினார். "வாத்தியாரய்யா," என்றார், "இந்த வளைவு தாண்டற வரைக்கும் யாரும் வாய் திறக்க வேண்டாம்."

"ஏன், பாறை இருக்கா?" என்றார் அப்பா.

"பாறை இருந்தா நான் பாத்துக்குவேன்."

கரையில் ஓர் ஆள், எருமையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கையில் ஒரே ஒரு பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, அஸ்தமிக்கிற சூரியனையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். சூரியன் இறங்கியது. அவர் பழத்தை வாயில் போட்டார். அதே நேரம் அப்பா கரண்டியைத் தூக்கினார். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா அப்பாவைப் பார்த்தாள், ரயிஸ் வானத்தைப் பார்த்தார். அப்பா இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஐயா, வாங்க, சாப்பிடலாம்" என்று கூவினார்.

அந்த ஆள், "என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.

சித்தி, இதை யாரும் கேட்டதே கிடையாது. இதற்கு என்ன பதில் சொல்வது என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லித்தரவில்லை. அப்பா திகைத்துப்போய், உண்மையைச் சொல்லிவிட்டார். "முயல். முலூகியா."

அவ்வளவுதான். அந்த ஆள் அங்கியைக் கழற்றிச் சுருட்டித் தலையில் கட்டிக்கொண்டு, நீளமான உள்ளாடையோடு, இந்தத் தை மாதக் குளிரில் ஆற்றில் இறங்கிவிட்டார். எருமையும் பின்னாலேயே வந்தது. ரயிஸ் அவதல்லா பாயை இறக்கிப் படகைக் கரையோரம் ஒதுக்கிக்கொண்டே, "எகிப்து பூரா ஆள் இருக்கு, இவரைத்தான் கூப்பிடணுமா. இந்த வளைவுல காக்காகூட கத்தாம போவும்" என்றார்.

அவர்தான் அபுல் வஃபா. மிகவும் மரியாதையானவர். சொட்டச் சொட்ட உட்கார்ந்து, ஆண்டவன் பெயரைச் சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு நாளைக்கான முயலும் போனது. அம்மா ஒளித்துவைத்திருந்த பாலாடைக்கட்டியை அப்பாவே எடுத்துக் கொடுத்தார், அதுவும் போனது. எருமை படகோரம் நின்று மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் எழுந்து, "வாத்தியாரய்யா, எங்க பக்கத்துல கூப்பிடற மனுசங்களே இல்லாம போச்சு. படகு படகா போறாங்க, எல்லாம் ஊமைங்க. நீங்கதான் மனுசன். நாளைக்கு மத்தியானம் எங்க வீட்ல சாப்பாடு" என்றார். அப்பா முறைப்படி, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார். அபுல் வஃபா உடனே, "நீங்க வரலைன்னா ஹமீதாவுக்குத் தலாக்" என்று சத்தியம் செய்துவிட்டார். ஹமீதா யார் என்றே எங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கை எங்கள் பசியில் வந்து நிற்கிறது. எப்படிப் போகாமலிருப்பது?

அவர் படகிலிருந்து இறங்கினதும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, இந்த ஆள் திரும்ப வரவே கூடாது என்று, நம் வழக்கப்படி அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மண்குடுவையை எடுத்துப் படாரென்று உடைத்தாள். சத்தம் கேட்டு அவர் திரும்பி வந்துவிட்டார். "யாருக்காவது அடிபட்டுச்சா? கண்ணாடியா? குழந்தை கால்ல குத்திடப்போவுது" என்று குனிந்து ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மறுநாள் காலையில் அவருடைய மகன் கழுதைமேல் ஏழெட்டுப் புதுக் குடுவைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அம்மா அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினாள். "உடைக்க உடைக்கக் குடுப்பாங்க போலிருக்கு" என்றாள்.

மத்தியானம் போனோம். ஹமீதா அத்தை நல்ல ஆகிருதியான பெண்மணி, குரலும் அதற்கேற்ற மாதிரி. கோதுமை அடைத்த புறாக்களும், வெயிலில் புளிக்கவைத்த ரொட்டியும், மலைபோலச் சோறும். ஐந்து மகன்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள், உட்காருங்கள் என்றால் வெட்கப்பட்டார்கள். ஹமீதா அத்தை என் பின்னலைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டே, "ஆண்டவன் எனக்கு அஞ்சு ஆம்பளப் பசங்களைக் குடுத்தான். தலை வாரிவிட ஒரு பொண்ணு குடுக்கல. இவளை எங்கிட்ட விட்டுட்டுப் போங்களேன்" என்றாள்.

அப்பா வாயில் புறாவோடு, "இது என்ன கேக்கறது. அவ உங்க பொண்ணு. வெச்சுக்கோங்க" என்றார்.

இதுவும் முறைதான் சித்தி. என் செருப்பு அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நானும் எடுத்துக்கோங்க என்றுதான் சொல்வேன். யாரும் செருப்பைக் கழற்றிக்கொண்டு போனதில்லை. ஆனால் அபுல் வஃபா கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தார்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்.

அம்மா மேசைக்கடியில் அப்பாவின் தொடையைக் கிள்ளினாள். பக்கத்தில் இருந்த என் தொடையையும் சேர்த்துக் கிள்ளிவிட்டாள். அப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை அவர்கள் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பா, "உங்க இஷ்டம்" என்றார்.

"அப்ப பெருநாள் வரைக்கும்," என்றார் அபுல் வஃபா. "இந்தப் பொண்ணு பெருநாள் வரைக்கும் நம்ம வீட்ல இருக்கலைன்னா ஹமீதாவுக்குத் தலாக்."

ஹமீதா அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அம்மா சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "இவ தூக்கத்துல எழுந்து நடப்பா" என்றாள். நான் நடந்ததே இல்லை. "நடக்கட்டும். கரும்புக்கொல்லை வரைக்கும் போயிட்டு வரட்டும், நாய் கூடப் போவும்" என்றாள் ஹமீதா அத்தை. "ரொம்பச் சாப்பிடுவா" என்றாள் அம்மா. ஹமீதா அத்தையின் முகம் பூவாக மலர்ந்துவிட்டது. எனக்கு இன்னும் இரண்டு புறா வைத்தாள். "படிப்பு இருக்கு" என்றாள் அம்மா. "எட்ஃபுல பள்ளிக்கூடம் இல்லையா? வாசல்ல நிக்கற காவல்காரன் நம்ம மூணாவது பையன்தான். அவளைக் கேக்காம கதவையே பூட்ட மாட்டான்" என்றார் அபுல் வஃபா. மூன்றாவது பையன் சுவரோரமிருந்து தலையசைத்தான்.

படகுக்குத் திரும்பியதும் இரண்டு பேரும் ரகசியமாகச் சண்டை போட்டார்கள். படகில் ரகசியம் ஏது. "சும்மா சொல்றாங்க நாதிரா, கிளம்பறப்ப விட்டுடுவாங்க" என்றார் அப்பா. "அவர் சும்மா நீந்தி வந்தாரா?" என்றாள் அம்மா. "இப்ப போய் முடியாதுன்னா அந்தம்மா குடும்பம் என்னாறது?" என்றார் அப்பா. "நம்ம குடும்பம் என்னாறது?" என்றாள் அம்மா. உடனே கிளம்பிவிடலாம் என்று ரயிஸிடம் சொன்னால், காற்று செத்துக் கிடந்தது. வடகாற்று இல்லாமல் இந்த ஆற்றில் தெற்கே ஒரு முழம்கூடப் போக முடியாது. பாய் ஈரத்துணி மாதிரி தொங்கியது.

காற்று இல்லாததால் இன்று அபுல் வஃபா எங்களைத் தன் வண்டியில் ஏற்றி எட்ஃபு கோயிலுக்குக் கூட்டிப்போனார். இத்தனை நாள் புத்தகத்தில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட கோயில் சித்தி, என்னால் ஒன்றையும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. வாசலில் கிரீடம் வைத்த கல்பருந்து நிற்கிறது, என்னையே முறைத்தது. அதுவும் என் கட்சி இல்லை. உள்ளே எந்தச் சுவரைப் பார்த்தாலும் ராஜா இரண்டு கையிலும் ரொட்டியோ, வாத்தோ, பூவோ எதையாவது ஏந்திக்கொண்டு, எடுத்துக்கோங்க எடுத்துக்கோங்க என்று நிற்கிறார். ஒரு சுவரில்கூட அந்தத் தெய்வம் 'உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்று சொல்வதாக இல்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. அப்பா அந்த ராஜாவின் வம்சம், அபுல் வஃபா அந்தத் தெய்வத்தின் வம்சம், நான் அந்த வாத்து என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் அழுகை வந்தது. யாரும் பார்க்கக் கூடாது என்று சுவருக்குள்ளேயே ஏறுகிற ஓர் இருட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். மூடுகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்துவிட்டால், காற்று வந்து, படகு கிளம்பி, இல்லை, படகு கிளம்பினால் நான் எப்படிப் போவது, அதை நான் யோசிக்கவில்லை. வௌவால் நாற்றம். கொஞ்ச நேரத்தில் மேலும் கீழும் ஓடுகிற சத்தம். ஐந்து மகன்களும் ஐந்து பக்கம் தேடியிருக்கிறார்கள். கடைசியில் அபுல் வஃபாதான் கண்டுபிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அடி பொண்ணே, கிணறு இருக்கு இங்க, பழைய கிணறு. உங்கப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்" என்றார். பிறகு தன் தலைப்பாகைத் துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டு எனக்கொரு சோடா வாங்கிக் கொடுத்தார். சித்தி, இவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி அவர்கள் வீட்டு வழியாக வந்தோம். ஓர் அறைக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். யார் வீட்டிலிருந்தோ கண்ணாடி இரவல் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். மகன்களின் படுக்கையெல்லாம் மொட்டைமாடிக்குப் போய்விட்டது. ஹமீதா அத்தை வாசலில் மெத்தைப் பஞ்சை அடித்து உதறிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் என்னமோ அவள் முகமும் நன்றாக இல்லை. பஞ்சுத் தூசியாக இருக்கும்.

ராத்திரி ரயிஸ் அவதல்லா மூக்கை விரித்து மோந்து பார்த்துவிட்டு, விடிவதற்குள் காற்று வந்துவிடும் என்றார். அதனால் விடிந்ததும் ஒப்படைப்பு. அம்மா என் பெட்டியை அடுக்கினாள். என் கம்பளிச் சட்டையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். நான் அப்பாவிடம் போய், "அப்பா, நான் இருக்கணுமா?" என்று கேட்டேன். அப்பா என் தலையில் கையை வைத்தார். எப்போதும் எதையாவது சொல்கிறவர். முன்பின் தெரியாத கயிறு இழுப்பவருக்குக்கூட ஏதாவது சொல்வார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. சித்தி, எனக்கு அந்த வீட்டைப் பார்த்துப் பயமில்லை, அந்த நாயைப் பார்த்துக்கூடப் பயமில்லை. எனக்காகவாவது அப்பா ஒருதரம் முடியாது என்று சொல்வார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நடக்காதோ என்றுதான் பயம். வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

இருங்கள், மேலே காலடிச் சத்தம்.

அப்பாதான். இன்றைக்குக் குறட்டை இல்லை. மேல்தளத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே எதையோ முணுமுணுக்கிறார். தொழுகிறார் போலிருக்கிறது, ஆனால் இப்போது என்ன தொழுகை. பலகை கிறீச்சிடுகிறது. நான் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டிலேயே எழுதுகிறேன், வரி கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

ரயிஸ் அவதல்லா இதை எட்ஃபு தபால் நிலையத்தில் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு நான் எழுதினது தெரிய வேண்டாம். உங்கள் ஆயுளை ஆண்டவன் நீட்டட்டும், உங்கள் வீட்டு வாசலில் பரக்கத் இறங்கட்டும், கோழிகள் தினமும் முட்டையிடட்டும், கீழ்வீட்டுக்காரரின் வானொலி பழுதாகட்டும். சித்தப்பாவின் கல்லறைக்கு என் பெயரையும் சொல்லி ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள். உங்கள் கையை மறுபடி முத்தமிடுகிறேன்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள, அநேகமாக எட்ஃபுக்காரியாகிவிட்ட,
மிர்வத்.

பின்குறிப்பு: சித்தி, வராதீர்கள். ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டை விட்டு எங்கேயும் போகாதீர்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போது விடிந்துவிட்டது, படகு ஓடுகிறது, நான் படகில்தான் இருக்கிறேன்.

விடியற்காலையில் காற்று வந்தது. அப்பா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, முகம் வெளுத்துப்போய், பலகை வழியாகக் கரைக்கு இறங்கினார். ரயிஸ் என் காதில், "ராத்திரி பூரா உங்கப்பா நடந்துக்கிட்டு என்ன சொல்லிக்கிட்டிருந்தார் தெரியுமா? 'மன்னிக்கணும், முடியாது. மன்னிக்கணும், என் பொண்ணை விட முடியாது.' ஒருதரம் பாய்மரத்துக்கிட்ட சொன்னார், ஒருதரம் எங்கிட்ட வந்து சொல்லிப் பாத்தார். நான் தூங்கற மாதிரி படுத்திருந்தேன்" என்றார். நான் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அப்பா கரையில் கால்வைத்தார், தொண்டையைக் கனைத்தார், "மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தார். அதற்குள் ஹமீதா அத்தை மேட்டிலிருந்து ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க தங்கச்சி," என்றாள் மூச்சுவாங்க. "நான் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். கேக்காம எப்படி இருக்கறது, பொண்ணு வந்திருக்கு. நீங்க சரின்னுட்டீங்க. ரெண்டு ராத்திரியாத் தூக்கமில்ல எனக்கு. ஆள் படுக்க எடமில்லாத வீடு. பசங்க மாடியில குளிர்ல வெறைச்சுக் கிடக்குதுங்க. நீங்களா கூட்டிட்டுப் போயிடறீங்களா?"

அம்மா, "அந்தச் சத்தியம்?" என்று கேட்டாள்.

"அதா," என்றாள் ஹமீதா அத்தை. "இவரு ஒரு நாளைக்கு ஒண்ணு பண்ணுவாரு. பள்ளிவாசல் ஷேக் சொல்லிட்டாரு, அது வாய்க்கொழுப்பு, தலாக் ஆவாது, ஒவ்வொண்ணுக்கும் மூணு நோன்பு வெச்சுத் தீர்த்துடுன்னு. பாதி வருசம் நோன்புதான். அந்திசாயற நேரத்துல அவருகிட்ட எவனாவது சாப்பிட வான்னா ஆறென்ன, கடலே நீந்துவாரு." அபுல் வஃபா பக்கத்தில் நின்று எருமையின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்பா மட்டும் கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரி நின்றார். ராத்திரியெல்லாம் தயார் செய்தது வீணாகிவிட்டதல்லவா. அம்மா அவர் கோட்டைத் தட்டிவிட்டு, "பத்திரமா வெச்சுக்கோங்க, வழியில உதவும்" என்றாள். நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கயிற்றை அவிழ்த்தார்கள். பாய் ஏறியது. ஹமீதா அத்தையும் அபுல் வஃபாவும் ஐந்து மகன்களும் கரையில் நின்று கையசைத்தார்கள். அம்மா ஒரு குடுவையும் உடைக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோய், சந்தோஷம் எங்கே போவது என்று தெரியாமல், படகின் பின்முனையில் ஏறி நின்றேன். நடுவில் அவ்வளவு தண்ணீர் இருந்தது. சித்தி, எனக்கும் அப்பாவின் நாக்குதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "கெய்ரோவுக்கு வாங்க, எல்லாரும் வாங்க, நம்ம வீட்ல வந்து தங்குங்க" என்று கத்திவிட்டேன்.

ரயிஸ் அவதல்லா கண்ணை மூடிக்கொண்டார்.

கரையிலிருந்து அபுல் வஃபாவின் குரல் வந்தது. "எந்தத் தெரு?"

எங்கள் வீட்டில் இடமில்லை என்று உங்களுக்குத் தெரியும். பின்னால் அம்மா வேறு நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எனக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே விலாசம்தான், ராத்திரி உறைமேல் எழுதிய விலாசம். ஷுப்ரா, மசூதிக்குப் பின் சந்து, நான்காம் மாடி, இன்ஷிராஹ் வீடு. முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் வாயை மூடினேன். அவர் உடனே சத்தியம் செய்துவிட்டார், வியாழக்கிழமை வராவிட்டால் ஹமீதாவுக்குத் தலாக் என்று. மொத்தம் ஏழு பேர். எருமை வருமா என்று தெரியவில்லை.

சித்தி, நீங்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். இந்த வியாழக்கிழமை மட்டும் அதைச் சொல்லாமலிருந்தால் போதும். அவர்கள் அந்திநேரத்தில்தான் வந்து சேருவார்கள், அவர் நோன்போடு இருப்பார். சங்கிலியை எடுத்துவிட்டுக் கதவைத் திறங்கள். முயல் போதாது, இப்போதே கோழிகளை எண்ணி வையுங்கள்.